எட்மண்ட் கலர் கம்பெனியில் லைட் பார்த்த ஞானம்மாள்

ஞானம்மாள் பதினாலு வருஷமாக உலகத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். தண்ணீர் நிரம்பிய பாட்டிலைக் கழுத்தில் பிடித்துப் படுக்கைவாட்டில் சாய்த்தால், எதிரே இருக்கும் சுவர், சுவருக்கு மேலே தெரியும் மலை, மலைக்கு மேலே தாம்பரத்திலிருந்து பயிற்சிக்குக் கிளம்பும் சின்ன விமானம் எல்லாமே அதற்குள் குட்டியாகிக் கவிழ்ந்துவிடும். ஆரஞ்சுக் கலராக இருந்தால் விமானம் சாயங்காலத்தில் பறக்கும். ஜிஞ்சராக இருந்தால் மழை வரப்போகிற வெளிச்சத்தில் பறக்கும். வெறும் ஊற்றுத் தண்ணீர் பாட்டிலில்தான் அதற்கு அசல் பகல்.

‘லைட் பார்க்கிறது’ என்று அந்தக் கலர் சோடாக் கம்பெனியில் அந்த வேலைக்குப் பேர். கழுவி, நிரப்பி, மூடி அடித்து வரும் ஒவ்வொரு பாட்டிலும் கிரேட்டுக்குள் போகும் முன் அவள் கையில் ஒரு மூச்சு நேரம் நிற்கும். ஜன்னலுக்கு வெளியே பத்தடி தள்ளி ஒரு தனிச் சுவர் உண்டு. அது எதையும் தாங்கவில்லை, எதையும் மறைக்கவில்லை. பொங்கலுக்கு ஒரு தரம், ஈஸ்டருக்கு ஒரு தரம் சுண்ணாம்பு அடித்து அதைப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். காலை வெயில் அதில் பட்டு ஜன்னலுக்குள் வரும். கைக்கு இரண்டாக நாலு பாட்டிலைத் தூக்கி, கவிழ்த்து, நிமிர்த்தி, சாய்த்து, அந்த வெள்ளைக்கு எதிரே பார்ப்பாள். தூசி இருந்தால் கவிழ்க்கும்போது கிளம்பும், நிமிர்த்தினால் அடங்கும். எறும்பு, வைக்கோல், பிரஷ் முடி எதுவும் அவளைத் தாண்டிப் போனதில்லை. அவள் கைபட்ட பாட்டிலில் அழுக்கு இருந்தது என்று ஒரு கடைக்காரரும் திருப்பி அனுப்பியதில்லை.

திரும்பி வரும் காலி பாட்டில்களையும் கழுவப் போகும் முன் ஒரு பார்வை பார்ப்பாள். புளியங்கொட்டை இருந்தால் ஏதோ பள்ளிக்கூட வாசல். அடியில் மண்ணெண்ணெய் நாற்றம் அடித்தால் பம்மல் பக்கம் யாரோ விளக்குக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு தரம் சட்டைப் பித்தான் வந்தது. ஒரு தரம் நாலாக மடித்த கடிதம் வந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதைப் பிரிக்காமலே கொண்டுபோய் வேலியோரம் புதைத்தாள்.

கம்பெனியின் கதையும் அவள் வீட்டில்தான் தொடங்கியது. அவள் புருஷன் சின்னப்பன் பம்மலுக்குத் தெற்கே மலையடிவாரக் குவாரியில் கல் உடைத்தவன். ஐம்பத்தேழில் ஒரு நாள் அவன் உளியால் குழி அடித்து வெடி வைத்துப் பிளந்த பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் கசிய ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. குவாரிக்காரர் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார். கல் உடைக்கிறவர்கள் மட்டும் அந்தத் தண்ணீரைக் கையால் ஏந்திக் குடித்தார்கள். ரயில்வே ஸ்டோரில் குமாஸ்தாவாக இருந்த எட்மண்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தவர், தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். சின்னப்பன் தகரக் குவளையில் பிடித்துக் கொடுத்தான். எட்மண்ட் மூன்று குவளை குடித்தார். அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டு அந்த இடத்தை வாங்கினார். கசிகிற இடத்தைச் சுற்றித் தொட்டி கட்டி, மேலே ஓடு போட்டு, கையால் இயக்கும் பழைய மிஷின் ஒன்றை மலிவாகப் பிடித்தார். அவர் மனைவி ஹில்டா எசன்ஸ் கலந்தாள். லேபிளில் மலையும் கீழே மூன்று நீலக் கோடும். சானடோரியத்துக் காசநோயாளிகளுக்கு ஊற்றுத் தண்ணீர், ஸ்டேஷன் கடைக்கு ஜிஞ்சர், கல்யாண வீடுகளுக்கு ஆரஞ்சும் பன்னீரும். தாம்பரத்தைச் சுற்றி, சர்ச்சில் மோதிரம் மாற்றிவிட்டு வெளியே வரும் ஜோடிக்கு முதலில் எட்மண்ட் கலரை உடைத்துக் கொடுப்பதுதான் வழக்கமாகிப்போனது.

கல் தூசியில் நெஞ்சு போன சின்னப்பன் வேலைக்குப் போவதை நிறுத்தியபோது, எட்மண்ட் ஞானம்மாளைக் கூப்பிட்டு அந்த ஜன்னலோர ஸ்டூலில் உட்கார வைத்தார். அன்றிலிருந்து அவள் அங்கேதான். கழுவுகிற இடத்தில் பாட்டில்கள் ஒன்றோடொன்று மெல்ல இடிக்கும் சத்தம், கேஸ் ஏறும்போது வரும் சீறல், காற்று திரும்பினால் தோல் பதனிடும் ஷாப்பு வாடை, திரும்பாவிட்டால் இஞ்சி வாசனை. பதினொரு மணிக்கு மேல் அவள் பார்ப்பது பாட்டிலா கனவா என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. கை மட்டும் கவிழ்த்து நிமிர்த்திக்கொண்டிருக்கும். பக்கத்தில் கிரேட்டு அடுக்கும் எல்லம்மா, “அக்கா, தூங்கிகினே பார்க்குறியா?” என்பாள். “கண்ணு முழிச்சிகினுதான்டி கீது, நான்தான் தூங்குறேன்” என்பாள் ஞானம்மாள்.

எழுபத்திரண்டில், ஈஸ்டர் முடிந்த இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் கொக்கு வந்தது.

ஊற்றுத் தண்ணீர் பாட்டில் ஒன்றில், கழுத்துக்குக் கீழே, சிறகை விரித்த ஏதோ ஒன்று தெரிந்தது. கடுகைவிடச் சிறியது, சாம்பல் நிறம். அவள் பிறந்த செம்பாக்கத்தில், ஏரிக்கு மேலே சாயங்காலம் தூரத்தில் பறக்கும் கொக்கு அப்படித்தான் இருக்கும். பாட்டிலைக் கவிழ்த்தாள். தூசியாக இருந்தால் கிளம்பியிருக்க வேண்டும். அது தன்பாட்டுக்கு மெதுவாக இறங்கியது. நிமிர்த்தினாள். அப்போதும் இறங்கியது. ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதிலும் ஒரு கொக்கு. மத்தியானத்துக்குள் பன்னிரண்டு கிரேட்டு ஓரமாக நின்றது.

எட்மண்ட் வந்தார்.

“என்ன ஞானம்மா, எல்லாத்தையும் ஒதுக்கிட்டே?”

“சார், தண்ணியில இன்னாவோ கீது. உசுரு உள்ளது.”

“உசுரா?”

“தூசி இல்ல சார். கவுத்தாலும் எறங்குது, நிமித்தினாலும் எறங்குது. பாட்டிலு சொல்றத அது கேக்கல. தோ பாருங்க, கழுத்தாண்ட.”

எட்மண்ட் பாட்டிலைத் தூக்கி வெள்ளைச் சுவருக்கு எதிரே பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஞானம்மாள் இருக்கிறது என்று சொல்லி இல்லாமல் போனது ஒன்றும் கிடையாது. தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் தன் கண்ணில்தான் கோளாறு. இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தார்.

“ஆமா... ஆமா, இருக்கு. மை காட்.”

எல்லம்மாவும் எட்டிப் பார்த்தாள். “ஆமாக்கா, முடி மாதிரி நெளியுது.”

புதன்கிழமை தொட்டியை இறைத்துத் தேய்த்தார்கள். வடிகட்டும் மணலையும் கரியையும் மாற்றி, துணியைப் புதிதாகக் கட்டினார்கள். கிணறு சுத்தம் செய்யும் துளசிங்கத்தைக் கூட்டிவந்து பாறை இடுக்கில் கையை விட்டுத் துழாவச் சொன்னார்கள். “பன்னீரு மாதிரி கீது சார், ஒரு பாசிகூட இல்ல” என்றான் அவன். நிரப்பிய பாட்டில் ஞானம்மாளிடம் வந்தது. அவள் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். கொக்கு அங்கேயேதான் இருந்தது.

ஒரு பாட்டிலை எட்மண்ட் தன் நண்பர் வில்பிரட்டிடம் கொண்டுபோனார். வில்பிரட் காலேஜில் கெமிஸ்ட்ரி வாத்தியார். அவர் மகள் பியூலாவுக்கு அந்த வியாழக்கிழமை கல்யாணம், நாற்பது கிரேட்டு கலர் சொல்லி வைத்திருந்தார். அந்த அவசரத்திலும் லேபாரட்டரியில் உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

“எட்மண்ட், இதுல ஒண்ணுமே இல்லைப்பா. இதைவிட சுத்தமான தண்ணி எனக்குத் தெரியாது. மரியாதையா கலரை அனுப்பு.”

“உன் மைக்ராஸ்கோப் வந்து எத்தனை வருஷம்?”

“அஞ்சு.”

“ஞானம்மா பதினாலு வருஷமா பார்க்குறா.”

கலர் இல்லாமலே பியூலாவின் கல்யாணம் நடந்தது. எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தார்கள். சோபாவில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள், கலர் எப்போ வரும் என்று கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். மறுநாள் ஹில்டா இதைக் கழுவுகிற பெண்களிடம் சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. ஹில்டா சிரிக்காவிட்டால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

சனிக்கிழமை எட்மண்ட் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். ஒரு நாளில் பத்து வயது கூடியவர் மாதிரி இருந்தார். “சானடோரியத்துல நோயாளிங்க குடிக்கிற தண்ணி. நம்மால ஒருத்தருக்கு ஏதாவது ஆச்சுன்னா ஆண்டவர் கேப்பாரு. இந்த ஊத்து போதும். திங்கக்கிழமை பொன்னுரங்கம் மேஸ்திரி வந்து சிமெண்ட் வெச்சு அடைச்சிடுவான். சேலையூர் பக்கம் ஒரு கிணறு பேசறேன். அமைஞ்சா திரும்ப ஆரம்பிப்போம். அமையலேன்னா...” பதினெட்டுப் பெண்கள் ஞானம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். யார் முகத்திலும் கோபம் இல்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னாள். சின்னப்பன் கோழிக்கு நொய் போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே நிமிர்ந்தான்.

“ஊத்துக்கு சிமிட்டி வெக்கப் போறாங்களா? எந்த சோமாரி சொன்னான்?”

“நான் சொன்னதாலதான்.”

“உனக்கு இன்னா தெரியும் ஊத்தப் பத்தி? நீ பாட்டிலப் பார்த்தவ. நான் பாறையப் பார்த்தவன். அது மலை வவுத்துல கீற தண்ணி. அதுல ஏது புழு, ஏது கொக்கு?”

“என் கண்ணால பார்த்தேன்யா.”

“கண்ணால பார்த்தாளாம்.” இருமல் வந்து அவனைப் பாதியில் நிறுத்தியது. அடங்கியதும் மெதுவாகச் சொன்னான். “நான் அடிச்ச உளியில வந்த தண்ணி அது, ஞானம். வேற ஒண்ணும் நான் இந்த ஊர்ல விட்டுட்டுப் போவப் போறதில்ல.”

அவள் அடுப்பை ஊதப் போனாள். அடுப்படியில் எல்லாமே கறுப்பு. பானை, சுவர், கூரை, புகை. அங்கே எந்தக் கொக்கும் வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வழக்கம்போல் பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மனசு ஒன்றிலும் ஒட்டவில்லை. பாதிரி ஐயர் பிரசங்க மேடையில் ஏறினார். கஞ்சி போட்டு வெளுத்த வெள்ளை அங்கி. பக்கவாட்டு ஜன்னல் வெயில் அதன்மேல் முழுசாக விழுந்தது. அவர் வாயைத் திறக்கும் முன்னால், அவர் தோளருகே ஒரு கொக்கு வந்தது.

கொக்கு சிறகை விரித்தபடி அங்கியின் மார்பில் மெதுவாக இறங்கி, இடுப்புக் கயிற்றைத் தாண்டி, மேடை மரத்துக்குப் பின்னால் போனது. அவள் சுவரைப் பார்த்தாள். சுவரிலும் வந்தது. பக்கத்தில் இருந்தவளின் வெள்ளை ரவிக்கையைப் பார்த்தாள். அங்கேயும். இடது கண்ணைக் கையால் பொத்தினாள். போய்விட்டது. எடுத்தாள். வந்துவிட்டது.

ஐயர் எதைப் பற்றிப் பேசினார் என்று அன்றைக்கு அவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

மத்தியானம் சாப்பிடாமல் வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சித்திரை வானம், ஒரு மேகம் இல்லை. கண்ணை மேலே தூக்கினால் கொக்கு மேலே பாய்ந்தது. அசையாமல் வைத்துக்கொண்டால் தணிந்து தணிந்து இறங்கியது. பாட்டில் சொல்வதை அது ஏன் கேட்கவில்லை என்று இப்போது தெரிந்தது. அது அவள் கண் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தது. வெயில் சாய்ந்து, தண்டவாளம் பக்கமிருந்து மின்சார ரயில் சத்தம் வந்து போனது. அவளுக்குப் பயமாகவும் இருந்தது, பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலவும் இருந்தது.

சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாள். ஊற்று அடைபடும். கம்பெனி போனாலும் போகும். ஆனால் ஞானம்மாள் கண் தப்பியது என்று யாருக்கும் தெரியாது. சொன்னால் ஊற்று பிழைக்கும், ஸ்டூல் போகும். கண் போன பொம்பளையை எவர் ஜன்னலோரம் உட்கார வைப்பார்? பாட்டில் கழுவலாம். நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று, சுவரைப் பார்க்காமல், விமானத்தைப் பார்க்காமல்.

“வானத்துல இன்னா தேடுற?” சின்னப்பன் வந்து பக்கத்தில் குந்தினான்.

“கொக்கு.”

அவனும் அண்ணாந்து பார்த்தான். “எங்க கீது?”

“அதாம். எங்கயும் இல்ல. என் கண்ணுக்குள்ளதான் கீது.”

அவனுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் சிரிப்பான், திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் எழுந்துபோய்ச் சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான். “துன்னுட்டுக் காத்தால நேரத்தோட போ. பொன்னுரங்கம் கெட்டிக்காரன், வெய்யிலுக்கு முன்னாலயே கலக்கிடுவான்.”

அவன் சொன்ன மாதிரியே ஆயிற்று. அவள் போய்ச் சேர்ந்தபோது தொட்டிக்குப் பக்கத்தில் மூன்று மூட்டை சிமெண்ட் பிரித்திருந்தது. பொன்னுரங்கம் மேஸ்திரி கலவையைப் புரட்டிக்கொண்டிருந்தார். எட்மண்ட் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊற்றுக்கு முதுகு காட்டி நின்றார். ஹில்டாவும் பெண்களும் சுவரோரமாக, சாவு வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார்கள்.

“நிறுத்துங்க மேஸ்திரி” என்றாள் ஞானம்மாள். பிறகு எட்மண்டிடம் திரும்பினாள். “சார், தண்ணி மேல தப்பு இல்ல. புள்ளி என் கண்ணுல கீது. நேத்து ஐயரு அங்கியில பார்த்தேன். வானத்துல பார்த்தேன். இந்தக் கண்ண மூடினா போய்டுது.”

எட்மண்டின் முகம் சிவந்தது.

“அப்போ நான் பார்த்தது? நானும் பார்த்தேனே!”

“நீங்க அன்னிக்குக் கண்ணாடியே போட்டிருக்கல. மேஜை மேல இருந்துச்சு” என்றாள் ஹில்டா. “நான் எடுத்து வெச்சேன்.”

“எல்லம்மாவும் பார்த்தாளே! முடி மாதிரி நெளியுதுன்னாளே!”

எல்லம்மா முந்தானையைத் திருகினாள். “அக்கா கீதுன்னுச்சு. சாரும் கீதுன்னீங்க. நான் மட்டும் இல்லன்னு எப்டி சார் சொல்றது? கொஞ்ச நேரம் பார்த்தேன், நெளியற மாதிரிதான் இருந்துச்சு.”

ஹில்டாதான் முதலில் சிரித்தாள். ஒரு வாரச் சிரிப்பு. அப்புறம் கழுவுகிற பெண்கள், அப்புறம் பொன்னுரங்கம். எட்மண்டுக்குச் சிரிப்பு வரவில்லை. பியூலா கல்யாணம் போயிற்று, சீசனில் ஒரு வாரம் போயிற்று, வில்பிரட்டிடம் இனிமேல் வாழ்நாள் முழுக்க மைக்ராஸ்கோப் பேச்சைக் கேட்க வேண்டும். ஞானம்மாளைத் திட்ட வாயைத் திறந்தார். யாரும் சொல்லச் சொல்லாததை அவள் நடந்துவந்து சொல்லியிருக்கிறாள் என்பது அந்த நேரத்தில்தான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு, தகரக் குவளையை எடுத்து ஊற்றில் பிடித்து, மூன்று குவளை குடித்தார்.

“சார், கலந்தது கெட்டியாகுது. இன்னா பண்றது?” என்றார் பொன்னுரங்கம்.

எட்மண்ட் கலவையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். “ஸ்டூலுக்குப் பக்கத்துல ஒரு மேடை கட்டு. ஒரு ஆள் உக்கார்ற மாதிரி.”

“யாருக்கு சார்?” என்று கேட்டாள் ஞானம்மாள்.

“எல்லம்மாவுக்கு. நீ ஸ்டூல்லயே உக்காரு. ரெண்டு பேரும் பாருங்க. உனக்குத் தெரிஞ்சு அவளுக்கும் தெரிஞ்சா ஒதுக்குங்க.”

எழும்பூர்க் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் மருந்து விட்டுப் பார்த்தார். வயசானால் சிலருக்கு வரும், ஒன்றும் செய்யாது, போகவும் போகாது, பழகிக்கொள்ளுங்கள் என்றார். ஞானம்மாள் பழகிக்கொண்டாள். கற்றுக்கொள்ள வேண்டியது எல்லம்மாவுக்குத்தான் இருந்தது. முதல் மாசம் முழுக்க அவள் ஞானம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பாட்டிலைப் பார்த்தாள். ஞானம்மாள் ஒரு வழக்கம் வைத்தாள். எல்லம்மா வாயைத் திறக்கும் வரைக்கும் தான் திறக்க மாட்டாள். அவள் பக்கம் திரும்பவும் மாட்டாள்.

பல வருஷம் கழித்தும் அந்த ஜன்னலில் அதுதான் நடந்தது. சிமெண்ட் மேடையில் எல்லம்மா உட்கார்ந்த இடம் வழவழப்பாகிவிட்டிருந்தது. சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. மூடி அடித்த ஊற்றுத் தண்ணீர் பாட்டில் ஒன்று ஞானம்மாள் கைக்கு வந்தது. அவள் சாய்த்துப் பார்த்துவிட்டு அடுத்த கைக்குக் கொடுத்தாள்.

“நீ சொல்லு மொதல்ல.”

எல்லம்மா கவிழ்த்தாள், நிமிர்த்தினாள். “சுத்தம்க்கா.”

“எனக்குப் பயந்துகினு சொல்லலியே?”

“உனக்குப் பயந்திருந்தா கீதுன்னுல்ல சொல்லிருப்பேன்.”

ஞானம்மாள் பாட்டிலைத் திரும்ப வாங்கி இன்னொரு தரம் சாய்த்தாள். தேவையில்லாத பார்வை, இருந்தாலும் பார்த்தாள். சுவர் கவிழ்ந்திருந்தது. அதற்குக் கீழே மலை தொங்கியது. மலைக்கும் கீழே வானம். அந்த வானத்தில் கொக்கு அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அது போய் முடியும் வரைக்கும் பிடித்திருந்துவிட்டு, பாட்டிலைக் கிரேட்டுக்குள் வைத்தாள்.